வாரத்துக்கு ஒரு மாத்திரை

அவளுடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் அவள் பஞ்சு. பூமிக்கு அடியில் ஓடும் ரயிலை ஓட்டுபவள். அவள் வண்டியை நிறுத்தினால் நின்றுகொண்டிருக்கிற ஆள் கம்பியைப் பிடிக்கவே வேண்டாம், பஞ்சில் இறக்கி வைத்த மாதிரி இருக்கும் என்று பயிற்சிக் காலத்தில் யாரோ சொன்னது, அப்படியே ஒட்டிக்கொண்டது. லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் வீட்டுக்காரர்கூட அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்தார். மாமியார் மட்டும் ‘ஏண்டி’யோடு நிறுத்திக்கொள்வார்.

காலை ஷிஃப்ட் என்றால் இருட்டோடு சுரங்கத்துக்குள் இறங்குவாள். மாலை ஷிஃப்ட் என்றால் மேலே வரும்போது இருட்டியிருக்கும். வீட்டு வாசலுக்கும் ஸ்டேஷன் படிக்கட்டுக்கும் நடுவில் எவ்வளவு வெயில் படுமோ அவ்வளவுதான் அவளுக்கு வாய்த்தது. இப்படியே வருஷங்கள் போனதில் கால் குடைச்சல் வந்தது. முதலில் முழங்காலுக்குக் கீழே, பிறகு தொடை, பிறகு இடுப்பு. எலும்புக்குள் யாரோ உட்கார்ந்து திருகாணி முடுக்குவது போல இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வருஷா வருஷம் நடக்கும் உடல் தகுதிப் பரிசோதனையில் ஏதாவது சொல்லி அவளைக் கேபினிலிருந்து இறக்கி, டிக்கெட் கவுன்டரில் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயம். ஓட்டுவதை விட்டால் அவளுக்கு வேறு எதுவும் பிடிக்காது.

கடைசியில் ஓர் எலும்பு டாக்டரிடம் ரகசியமாகப் போய் வந்தாள். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். “வைட்டமின் டி அடிமட்டத்துல இருக்கு. எலும்பு தேயல, ஒண்ணும் ஆகல. இந்த மாத்திரை வாரத்துக்கு ஒண்ணு. எட்டு வாரம். முடிஞ்சதும் வந்து காட்டுங்க.”

எட்டு வாரம் முடிவதற்குள் குடைச்சல் போன இடம் தெரியவில்லை. படிக்கட்டில் இரண்டு இரண்டு படியாக ஏறினாள். தகுதிப் பரிசோதனையில் தேறினாள். அந்தச் சந்தோஷத்தில் டாக்டரிடம் திரும்பப் போகவில்லை. சரியாகிவிட்ட காலை எதற்கு மறுபடி காட்டுவது?

ஆனால் மாத்திரையை விட மனம் வரவில்லை. விட்டால் குடைச்சல் திரும்பி வந்துவிடும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. தெருமுனை மருந்துக்கடையில் கேட்டாள்.

“சீட்டு இருக்கா?”

“போன தடவையே காட்டினேனே.”

“சரி, வைட்டமின்தானே” என்று கடைக்காரர் அட்டையை எடுத்து நீட்டினார்.

ஒருநாள், வராத ஒருவருக்காக இரண்டு ஷிஃப்ட் சேர்த்து ஓட்டிவிட்டு வந்தவளுக்குக் கால் லேசாக வலித்தது. யாருக்குத்தான் வலிக்காது? அவள் பயந்துபோனாள். வாரத்துக்கு ஒன்று இரண்டாயிற்று. ஒன்று விட்டு ஒரு நாளாயிற்று. மழைக்காலம் தொடங்கியபோது காலை டீயோடு தினம் ஒன்று. மாமியாரின் முட்டிவலிக்கும் ஓர் அட்டை வாங்கிக் கொடுத்தாள்.

“தினம் ஒண்ணு போடுங்க அத்தை. ஒரே மாசத்துல மாடிப்படி ஏறுவீங்க பாருங்க.”

“சரிடி” என்று மாமியார் வாங்கி வைத்துக்கொண்டார். பிளாட்பாரத்தில் கொடி காட்டும் தோழிக்கும் சொன்னாள். ‘விசில்’ என்று பெயர் வாங்கியவள் அவள். பஞ்சு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் வாங்கிப் போட்டாள்.

முதலில் தாகம் வந்தது. சாதாரணத் தாகம் இல்லை. தண்ணீர் உள்ளே போகும்போதே நாக்கு வறளும். கேபினில் வைத்திருக்கும் பாட்டில் பாதி வழியிலேயே காலியாகிவிடும். குடித்த தண்ணீர் சும்மா இருக்குமா? ரயில் ஓட்டுகிறவள் நினைத்த இடத்தில் இறங்கி ஓட முடியாது. கடைசி ஸ்டேஷன் வரும்வரை காலைக் காலின் மேல் போட்டு, உதட்டைக் கடித்து, சுரங்கச் சுவரில் ஓடும் விளக்குகளை எண்ணாமல் எண்ணிக்கொண்டு போவாள். வண்டி நின்றதும் கதவைத் திறந்துகொண்டு ஓட்டம். திரும்பும் வண்டியை எடுக்க மணி அடித்துவிடும். முகம் கழுவக்கூட நேரம் இருக்காது. “பஞ்சு பந்தயத்துக்குப் பழகுறா” என்று ஓய்வறையில் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. தட்டைப் பார்த்தாலே குமட்டியது. வயிறு கல்லாக இறுகிக் கிடந்தது. உட்கார்ந்தால் எழ வேண்டும் போலவும் எழுந்தால் உட்கார வேண்டும் போலவும் இருந்தது. வீட்டுக்காரர் ஸ்பூனால் டீயைக் கலக்கும் சத்தம் காதுக்குள் ஆணி அடித்தது.

“போதும்! எத்தனை தடவைதான் கலக்குவீங்க?”

அவர் ஸ்பூனை அந்தரத்தில் பிடித்தபடி அவளையே பார்த்தார். பதினெட்டு வருஷமாக அதே மாதிரி கலக்கிக் குடிக்கிறவர். டம்ளரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் பொறுமை இல்லை.

இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்த மாமியார் ஒருநாள் காலையில், குளியலறையில் வாந்தி எடுத்துவிட்டு வந்தவளின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“ஏண்டி, நாள் ஏதாவது தள்ளிப்போயிருக்கா?”

“அத்தை! எனக்கு நாற்பத்திரண்டு முடிஞ்சிடுச்சு. பொண்ணு காலேஜ் விடுதியில இருக்கா.”

“அதனால என்ன? எங்க சித்திக்கு நாற்பத்தஞ்சுல பொறந்தான் கடைக்குட்டி. இன்னிக்கு லாரி ஓட்டுறான்.”

வீட்டுக்காரருக்குப் புரையேறியது. ஆனாலும் வேலை முடிந்து வரும்போது சட்டைப் பைக்குள் பரிசோதனைக் குச்சி ஒன்றை வாங்கி ஒளித்து எடுத்து வந்தார். மூன்று பேரும் குளியலறைக் கதவைச் சுற்றி நின்றார்கள். ஒரே ஒரு கோடுதான். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னொரு கோடு லேசாத் தெரியுதோ?” என்றார். தெரியவில்லை. அப்படியும் அவர் குச்சியைத் தூக்கிப் போடாமல் அலமாரியில் எடுத்து வைத்தார்.

சர்க்கரையாக இருக்கும் என்று அடுத்துப் பயந்தார்கள். பக்கத்துக் கிளினிக்கில் பார்த்ததில் சர்க்கரை இல்லை. “வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?” என்று கேட்ட டாக்டரிடம் பஞ்சு, “ஒண்ணும் இல்லையே” என்றாள். பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் அவளுக்கு நோய்க்குச் சாப்பிடுவது. டீயோடு போட்டுக்கொள்வது சத்து. இரண்டும் ஒன்றாகாது. டாக்டர் மன அழுத்தம் என்றார். விடுப்பு எடுக்கச் சொன்னார்.

விடுப்பா? இப்போது விடுப்புக் கேட்டால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அவள் தானே யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். உடம்பில் பலம் குறைந்துவிட்டது. சாப்பாடும் இறங்குவதில்லை. இருக்கிற ஒரே நல்ல பழக்கம் அந்த மாத்திரைதான். அன்றிலிருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

அதன் பிறகு தலைக்குள் ஏதோ மெதுவாகக் கலங்க ஆரம்பித்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடினாள். மகள் போன் செய்து பேசிவிட்டு வைத்த பிறகு, என்ன பேசினாள் என்று நினைவில்லை. சுரங்கத்துக்குள் போகும்போது சில சமயம் எந்த ஸ்டேஷனைத் தாண்டினோம், எது வரப்போகிறது என்பது ஒரு கணம் நழுவும். வேர்த்துவிடும். பிறகு பலகை வரும். படித்துவிட்டு மூச்சு விடுவாள்.

ஒரு மாலை, அலுவலகங்கள் விடுகிற நேரம். வண்டி நிறையக் கூட்டம். வழக்கம்போல பிளாட்பார விளக்குகள் எதிரே விரிந்தன. பிரேக்கின் மேல் கை இருந்தது. கை இருப்பது தெரிந்தது. அதை இழுக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. இழுக்கவில்லை. தெரிவதற்கும் செய்வதற்கும் நடுவில் யாரோ ஒரு சுவரை எழுப்பிவிட்டது மாதிரி. பிளாட்பாரத்தில் நின்றவர்களின் முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் போயின. தோழி விசிலின் ஊதல் சத்தம் கேட்டது. ஊதிக்கொண்டே ஓடி வருகிற சத்தம். பஞ்சு திடுக்கிட்டு முழுப் பிரேக்கையும் ஒரே இழுப்பாக இழுத்தாள். பின்னால் பெட்டிகளில் அலறல். முதல் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் மூக்கை நுழைத்தபடி நின்றது.

அடுத்து கதவு. எந்தப் பக்கக் கதவு? இரண்டு பொத்தான்கள் இருந்தன. இடதா, வலதா? ஆயிரக்கணக்கான தடவை அழுத்திய பொத்தான். அவள் இரண்டையும் பார்த்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“பஞ்சு, என்ன ஆச்சு? பதில் சொல்லு” என்று கன்ட்ரோல் அறை ரேடியோவில் கூப்பிட்டது.

“தெரியல” என்றாள். “நான் கதவைத் திறக்க மாட்டேன். வேற யாரையாவது அனுப்புங்க.”

தவறான பொத்தானை அழுத்தியிருந்தால் கூட்டத்தில் இருந்தவர்கள் தண்டவாளத்தில் விழுந்திருப்பார்கள். அன்று அவள் செய்த ஒரே சரியான காரியம் கையை மடியில் வைத்துக்கொண்டதுதான் என்று ஷிஃப்ட் மேற்பார்வையாளர் பிற்பாடு விசாரணையில் சொன்னார். அப்போது அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. கேபினுக்குள் ஏறி வந்தவர் அவள் வாயருகே குனிந்து முகர்ந்து பார்த்தார். பஞ்சுவுக்கு அது புரிந்தது. அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

“குடிக்கல சார். தண்ணிதான். தண்ணி மட்டும்தான் குடிக்கிறேன், குடிச்சுக்கிட்டே இருக்கேன்.”

“சரிம்மா. எழுந்திரு. பிடிச்சுக்கோ.”

தோளைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டு ஏறும்போது அவர் கேட்டார், “வீட்டுல ஏதாவது பிரச்சினையா?” அவள் தலையாட்டினாள். ஆம் என்றா இல்லை என்றா என்று அவளுக்கே தெரியவில்லை. விசில் பின்னாலேயே அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் நடைபாதையில் திடீரென்று பரபரப்பு. கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள், இரண்டு கையிலும் ஊசி குத்தினார்கள். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து தாறுமாறாக ஏறியிருக்கிறது, சிறுநீரகம் திணறுகிறது என்று வீட்டுக்காரரிடம் சொன்னார்கள். ஏன் ஏறியது என்று யாருக்கும் தெரியவில்லை. புற்றுநோயாகவும் இருக்கலாம் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களைத் தைரியம் சொல்லி வெளியே எடுக்கிற ஆள். தனக்குத் தைரியம் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை அவருக்கு.

மறுநாள் காலை சிறுநீரக டாக்டர் வந்தார். பெரிய மூக்குத்தி போட்ட அம்மாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மருந்து ஏதாவது சாப்பிடுறியாம்மா?”

“இல்லைங்க.”

“வலி மாத்திரை? கஷாயம்?”

“இல்லைங்க.”

டாக்டர் எழுந்திருக்கவில்லை. “சரி, காலையில எழுந்ததுலேர்ந்து சொல்லு. பல் தேய்ச்சே. அப்புறம் வாய்க்குள்ள என்னவெல்லாம் போகுது?”

“டீ. பிஸ்கட். அப்புறம் அந்தச் சத்து மாத்திரை.”

“என்ன சத்து?”

“வைட்டமின் டி. அறுபதாயிரம்னு போட்டிருக்குமே, அது.”

“வாரத்துக்கு ஒண்ணா?”

“தினம்.” கொஞ்சம் தயங்கினாள். “இப்போ ரெண்டு.”

டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “வைட்டமின்தானே டாக்டர்? கூடினா சிறுநீர்ல போயிடாதா?”

“சில வைட்டமின் போயிடும். இது போகாதுங்க. கொழுப்புல போய் உட்கார்ந்துக்கும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சில நூறு யூனிட் போதும். இவங்க போட்டது எவ்வளவுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. இது அளவுக்கு மேல போனா, சாப்பாட்டுல இருக்கிற சுண்ணாம்பையும் எலும்புல இருக்கிறதையும் இழுத்து ரத்தத்துல கொட்டும். தாகம், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், எல்லாம் அதனாலதான். சிறுநீரகத்துலயும் போய்ப் படியும்.” பஞ்சுவின் பக்கம் திரும்பினார். “தினம் போடச் சொல்லி யாரும்மா சொன்னா?”

“யாரும் சொல்லல. நல்லா இருந்துச்சு. அதான்.”

வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார். கோபமா, புற்றுநோய் இல்லை என்ற நிம்மதியா என்று தெரியவில்லை. இரண்டுமாகவும் இருந்திருக்கலாம்.

அவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோதுதான் பஞ்சுவுக்கு அது உறைத்தது. அத்தை. அத்தைக்கும் அவள்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். தீர்ந்துவிட்டதா என்று கேட்டுக் கேட்டு, அட்டை அட்டையாக. எழுபது வயது உடம்பு. போனை எடுத்து வீட்டுக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. எப்போதும் இரண்டாவது மணிக்குள் எடுத்து ‘யாரு?’ என்று அதட்டுகிறவர். மயங்கிக் கிடக்கிறாரோ? குளியலறையில் விழுந்துவிட்டாரோ?

“என்னங்க, வீட்டுக்குப் போங்க. உடனே போங்க. அத்தை போனை எடுக்கல. அவங்களும் தினம் அந்த மாத்திரைதான் போடுறாங்க” என்று திரும்பி வந்த கணவரிடம் கத்தினாள். அவர் மருந்துப் பையைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடினார்.

பஞ்சுவால் படுக்க முடியவில்லை. எழுந்தாள். சலைன் மாட்டிய கம்பியைத் தள்ளிக்கொண்டு ஜன்னல்வரை போனாள். திரும்பி வந்தாள். கையில் போன் சூடேறிக் கிடந்தது. விசிலின் நினைவு வந்தது. அவளுக்கு அடித்தாள். “நீ அந்த மாத்திரையை நிறுத்து. இன்னிக்கே ரத்தம் குடுத்துப் பாரு. கேள்வி கேட்காதே, நிறுத்து.” நர்ஸ் வந்து, “கம்பியை இப்படி இழுத்தீங்கன்னா ஊசி கழண்டுடும், படுங்க” என்று அதட்டினாள். படுத்தாள். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் எழுந்துவிட்டாள். சுவர்க் கடிகாரம் அசைவதாகவே தெரியவில்லை. அத்தைக்கு ஏதாவது என்றால் வீட்டுக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது?

போன் அடித்தது. மாமியாரின் குரல்.

“என்னடி இது, வீடு தீப்பிடிச்ச மாதிரி இவன் வந்து கதவை உடைக்கிறான். துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போயிருந்தேன்.”

“அத்தை, அந்த மாத்திரை... தினம் போட்டீங்களா?”



“கோச்சுக்க மாட்டேன்னு சொல்லு.”

“சொல்லுங்க அத்தை!”

“ஒண்ணே ஒண்ணுதான் போட்டேன். தொண்டையில ஒட்டிக்கிட்டு இறங்கவே மாட்டேன்னுடுச்சு. உயிரே போச்சு. மிச்சமெல்லாம் அலமாரியில போர்வைக்கு அடியில அப்படியே இருக்கு.”

“முட்டிவலி போயிடுச்சுன்னு சொன்னீங்களே?”

“நீ பொழுது விடிஞ்சா கேட்டுக்கிட்டே இருந்தியே. ஆசையா வாங்கிக் குடுத்த புள்ளைகிட்ட என்னத்தைச் சொல்றது? போயிடுச்சுன்னேன்.”

பஞ்சு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறியது. நர்ஸ் ஓடி வந்து வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று கையை ஆட்டினாள்.

விசில் விஷயத்தில் அவ்வளவு சுலபமாகத் தப்ப முடியவில்லை. அவள் வாரத்துக்கு இரண்டு மூன்று போட்டிருந்தாள். ரத்தத்தில் அளவு கூடித்தான் இருந்தது. நல்லவேளை, அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவள் பல வாரம் பஞ்சுவிடம் பேசவில்லை. அன்று அவள் ஊதியிருக்காவிட்டால் வண்டி எங்கே போய் நின்றிருக்குமோ. பஞ்சு போன் செய்து மன்னிப்புக் கேட்டபோது, “சரி, விடு” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த கட்டளைகள் விசித்திரமாக இருந்தன. பால், தயிர் வேண்டாம். வெயிலில் நிற்காதே. போனால் முழுக்கைச் சட்டையும் குடையும். தண்ணீர் நிறையக் குடி. உள்ளே தேங்கியிருப்பது கரைய மாதக்கணக்கில் ஆகும், அதை அவசரப்படுத்த மருந்து கிடையாது என்றார் மூக்குத்தி டாக்டர். அவர் சொன்னது போலவே ஆயிற்று. சரியாகிவிட்டது என்று நினைத்த நேரத்தில் சுண்ணாம்பு மறுபடி ஏறியது. மறுபடி கட்டில், மறுபடி ஊசி. சிறுநீரகம் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்தது. முழுக்க வரவில்லை.

“போனது கொஞ்சம் போனதுதான். இருக்கிறதைக் காப்பாத்திக்கோ” என்றார் டாக்டர்.

மருந்துக்கடைக்கு ஒருநாள் சண்டை போடவே போனாள். கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீங்கதானேம்மா கேட்டீங்க?” என்றார். அவரும் பயந்துபோயிருந்தது முகத்தில் தெரிந்தது.  குடையை விரித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

விசாரணை முடிந்து, பயணிகள் ஏறும் வண்டியை அவள் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. அவள் இத்தனை வருஷம் பயந்த டிக்கெட் கவுன்டர்கூடக் கிடைக்கவில்லை. பயணிகள் மறந்து விட்டுப்போன பொருட்களைக் காக்கும் அறையில் போட்டார்கள். குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஒரு தடவை ஒரு பல் செட். அதற்கு நேர் கீழே தண்டவாளம். ஒவ்வொரு வண்டி போகும்போதும் அலமாரி லேசாக நடுங்கும். பிரேக் எங்கே பிடிக்கிறார்கள், யார் ஓட்டுகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். உட்கார முடியாமல் எழுந்து அந்தச் சின்ன அறைக்குள்ளேயே நடப்பாள்.

நீண்ட நாளுக்குப் பிறகு மேற்பார்வையாளர் ஒரு வழி செய்தார். பணிமனையில், கழுவுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் காலிப் பெட்டிகளை ஒரு கொட்டகையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துகிற வேலை. திறந்த வெளி. பக்கத்தில் எப்போதும் இன்னோர் ஓட்டுநர் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆமை வேகம். முதல் நாள் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு கேபினில் ஏறியவளை அந்த ஓட்டுநர் பார்த்துச் சிரித்தார்.

“இந்த வெயில்ல இப்படி மூடிக்கிட்டு வந்திருக்கீங்களே அக்கா, வேகலையா?”

“வேகுது” என்றாள். “ஆனா எனக்கு வெயில் கொஞ்ச நாளைக்கு ஆகாதாம்.”

“ஏன், என்ன ஆச்சு?”

அவள் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் சிக்னல் விழுந்தது. மிச்சத்தை அப்புறம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.